எவோ 3: எதைக் கழற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்

பெரியம்மாவின் மகன் போன மாதம் ஒரு மிட்சுபிஷி லான்சர் எவோ 3 வாங்கினான். 1995-இல் யப்பானில் செய்த வண்டி, ஜீஎஸ்ஆர் ரகம். வெள்ளவத்தையில் அவர்களுடைய ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்திய அன்றிரவே எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணா, இதுக்குள்ள தேவையில்லாத சாமான் எக்கச்சக்கம் கிடக்கு. எல்லாத்தையும் கழட்டிட்டு ஒருக்கா ஓடிப் பாப்பமே?" நான் போனபோது கொப்பித் தாள் ஒன்றை நீட்டினான். பின் சீற், ஸ்பெயார் சில்லு, தார் ஷீற் (சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியது), ஏசி, கன்வேட்டர் (புகையைச் சுத்தமாக்குவது), காற்றுப் பெட்டி, தேர்மோஸ்டாட், சைலன்ட் ஷாஃப்ட் என்று 14 சாமான் அதில் இருந்தன.

இதே ரக வண்டியை 11 வருடமாக வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் பாதியை நானும் ஒரு காலத்தில் கழற்றியிருக்கிறேன். சிலவற்றைத் திரும்பத் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கியும் இருக்கிறேன். அதனால் அவனுக்கு உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் அந்த 14 சாமானையும் மூன்று கூறாகப் பிரித்து எழுதினேன். அவன் ஒரே வேலை என்று நினைத்தது உண்மையில் மூன்று வேறு வேறு தீர்மானம்.

முதலாவது, எடை குறைப்பது. எஞ்சினைத் தொடாமல் உள்ளே கிடப்பதை வெளியே எடுப்பது. இரண்டாவது, எஞ்சினின் மூச்சுக்குத் தடை என்று சொல்லப்படும் சாமான்களைக் கழற்றுவது. மூன்றாவது, தகரம் தெரிய எல்லாவற்றையும் உரித்துப் பந்தய வண்டியாக்குவது. இந்த மூன்றையும் எந்த நாட்டுக்காரரும் ஒப்பிடலாம். ஆனால் கொழும்பில் ஒப்பிடும்போது தராசின் முள்ளை வேறொன்று இழுக்கிறது. அதுதான் சூடு. வருடம் முழுக்க 30 பாகைக்குக் கிட்டவே நிற்கும் வெயில், பம்பலப்பிட்டியில் ஊர்ந்து ஊர்ந்து போகும் காலி வீதி, யப்பான் ஓட்டுநர் ஊற்றியதைவிடக் குறைந்த ஒக்டேன் பெற்றோல். இந்த வண்டிக்கு இங்கே எடையைவிடப் பெரிய எதிரி வெப்பம். ஆகவே ஒவ்வொரு சாமானிடமும் நான் முதலில் கேட்பது அது எத்தனை கிலோ என்று அல்ல, எந்தச் சூட்டை அது தடுக்கிறது என்றுதான்.

எடை: கம்பனியே போட்டுக் காட்டிய கணக்கு

எடை குறைப்பில் நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிட்சுபிஷியே எவோ 3-ஐ இரண்டு விதமாக விற்றது. வீதிக்கு ஜீஎஸ்ஆர், பந்தயக்காரருக்கு ஆர்எஸ். ஜீஎஸ்ஆர் 1260 கிலோ, ஆர்எஸ் 1190 கிலோ. எஞ்சின் இரண்டிலும் ஒன்றே: 4ஜி63, 1997 சிசி, 270 குதிரைவலு. பவர் ஜன்னல், பின் வைப்பர், நல்ல சீற் என்று சொகுசுச் சாமான்களை விட்டுவிட்டு, அலோய் சில்லுக்குப் பதில் இரும்புச் சில்லு பூட்டியும் 70 கிலோவைக் குறைத்தார்கள். அந்த ஆர்எஸ்ஸில், டர்போ (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது) தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ரேடியேற்றரும் போனட்டில் உள்ள காற்றுத் துவாரங்களும் அப்படியே இருந்தன. எதை விடலாம் என்று தெரிந்தவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதை இந்த ஒரு ஒப்பீடே காட்டிவிடுகிறது.

நாம் வீட்டில் கழற்றிப் பெறக்கூடியது எவ்வளவு? ஸ்பெயார் சில்லும் ஜக்கும் சாவிகளும் சேர்ந்து ஏறக்குறைய 18 கிலோ. பின் சீற் முழுவதும் 15 கிலோ சொச்சம். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீற் 10 கிலோ. டிக்கி விரிப்பு, ஸ்பீக்கர், முந்திய சொந்தக்காரர் போட்ட அம்ப் பெட்டி என்று இன்னும் 15 கிலோ. எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்குக் கிட்ட வரும். ஓட்டுநரோடு 1330 கிலோ இருந்த வண்டி 1270 ஆகும். இழுவையில் அது 13 குதிரைவலு கூடியதற்குச் சமம். சில்லறைச் செலவும் இல்லை, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவைத் தொடவும் இல்லை, சூடும் கூடவில்லை. அந்த அளவில் இது மூன்று வழிகளிலும் நல்ல வழி.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பின்பக்கத்துச் சாமான். எவோ ஏற்கெனவே மூக்குப் பாரமான வண்டி. எஞ்சின், கியர் பெட்டி, டர்போ, ரேடியேற்றர் எல்லாம் முன் அச்சுக்கு மேலும் முன்னும் குந்தியிருக்கின்றன. பின்பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் மொத்த எடை குறையும், முன்பக்கத்தின் பங்கு கூடும். நேர் வீதியில் வித்தியாசம் தெரியாது. ஈரத்தில் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது முன்பக்கம் நேரே போகப் பார்க்கும், பின்பக்கம் இலேசாகி ஆடும். ஹோர்ட்டன் பிளேஸ் சுற்றுவட்டத்தில் ஒரு மழைநாள் இரவு அதை என் இடுப்பு உணர்ந்தது. அடுத்த வாரமே பின் சீற்றைத் திரும்பப் பூட்டினேன்.

அதற்கு மருந்து முன்பக்கத்தில் இருந்து எடுப்பது. அங்கே நாம் எடுக்கக்கூடியது குறைவு. போனட்டைக் கம்பனியே அலுமினியத்தில் செய்துவிட்டது. அதைக் கழற்றி விலை கூடிய காபன் பைபர் போட்டுக் கிடைக்கும் இலாபம் ஒன்றிரண்டு கிலோதான். பெரிய பற்றரியைச் சிறியதாக மாற்றினால் ஐந்தாறு கிலோ குறையும். அல்லது அதே பற்றரியைக் கனமான வயரும் பியூசும் போட்டு டிக்கிக்குக் கொண்டுபோகலாம். எடை குறையாது, இடம் மாறும். என் கணக்கில் இந்த வண்டிக்கு இடமாற்றம்தான் கூடுதல் பலன். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் யார் சொன்னாலும் கழற்ற வேண்டாம். பெரிய இன்டர்கூலருக்கு இடம் விடுவதற்காக அதை வெட்டி எறிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மோதல் வந்தால் முதலில் தாங்க வேண்டியது அந்தச் சட்டம்தான்.

தார் ஷீற்றைப் பற்றி ஒரு வார்த்தை. யப்பான் பையன்கள் சுரண்டுவதை வீடியோவில் பார்த்துத்தான் தம்பி அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறான். ஆனால் அந்த ஷீற்றுக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் ஓடுகிறது. ஷீற் போனால் பாதத்துக்கு அடியில் தகரம் கொதிக்கும். சுரண்டும்போது பெயின்ற் கிழியும். கடலில் இருந்து 300 மீற்றரில் நிற்கும் வண்டியில் கிழிந்த பெயின்ற் ஒரு பருவமழை தாண்டாது, துரு ஏறிவிடும். 10 கிலோவுக்காகத் தரைத் தகரத்தைப் பணயம் வைக்க முடியாது.

பெற்றோலும் எடைதான். 25 லீற்றர் ஏறக்குறைய 18 கிலோ. ஆகவே தாங்கியைப் பாதியோடு ஓட்டுவது செலவில்லாத எடை குறைப்பு. ஆனால் கால்வாசிக்குக் கீழே இறக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பக் கூடாது. பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் அந்த ஒரு நொடியில் டர்போ அழுத்தம் ஏறியிருந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் போதாமல் எரியும். பிஸ்டன் உருகுவதற்கு அது போதும்.

ஏசி

பட்டியலில் தம்பி இரண்டு கோடு கீறி வைத்திருந்த சாமான் இதுதான். காரணமும் சரியாகத்தான் சொன்னான். கொம்பிரசர், கொண்டென்சர், குழாய்கள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ வரும். அதில் பெரும்பகுதி முன்பக்கத்தில் இருக்கிறது. கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நின்று காற்றை மறிக்கிறது. மூக்குப் பாரம் பற்றி நான் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னான்.

இருந்தும் நான் மறுத்தேன். முதலில், ஏசி எஞ்சினின் வலுவைத் தின்கிறது என்ற பேச்சு பாதி உண்மை. சுவிட்சை நிறுத்தினால் கொம்பிரசரின் காந்தக் கிளச் விடுபட்டு, பெல்ட் ஓடும் புல்லி மட்டும் வெறுமனே சுற்றும். ஆக்சிலேற்றரை முழுவதும் மிதிக்கும்போது பல ஈசியூக்கள் தாங்களாகவே கொம்பிரசரைச் சில நொடி துண்டித்துவிடும். ஆகவே ஏசி தேவைப்படாத நேரத்தில் அது தரும் இழப்பு எடை மட்டுமே.

இரண்டாவது, ஏசிக்கென்று இருக்கும் விசிறி. ஏசியைக் கழற்றுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கழற்றுவார்கள். பொரளைச் சந்தியில் வண்டி 10 நிமிடம் அசையாமல் நிற்கும்போது ரேடியேற்றர் வழியாகக் காற்றை இழுப்பதில் அந்த விசிறியும் கைகொடுக்கிறது. கொண்டென்சர் போனதால் ஓடும்போது கிடைக்கும் குளிர்ச்சியை, நிற்கும்போது இழக்கிறோம். கொழும்பில் நாம் ஓடும் நேரம் கூடவா, நிற்கும் நேரம் கூடவா என்பதை வாசிப்பவரே சொல்லட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஒக்டோபரில் இடிமழை கொட்டும் மாலையில் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு மரைன் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி உட்பக்கமாக மூடிவிடும். காற்றின் ஈரத்தை எடுக்க ஏசியைத் தவிர வேறு வழி இந்த ஊரில் இல்லை. துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டிய என் நண்பன், பாதசாரிக் கடவையில் குடையோடு நின்ற ஒரு அம்மாவைக் கடைசி நேரத்தில்தான் கண்டான். நல்லவேளை பிரேக் பிடித்தது. அன்றிலிருந்து ஏசியை எடை என்ற நிரலில் நான் எழுதுவதில்லை. பிரேக்கும் வைப்பரும் இருக்கும் நிரலில்தான் எழுதுகிறேன்.

மலை ஏற்றப் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் கழற்றலாம். அப்போதும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்கும் இடத்தில் எடுத்துவிட்டு, குழாய் முனைகளை இறுக்கமாக அடைத்து வைக்க வேண்டும். ஈரம் உள்ளே போன ஏசியைத் திரும்பப் பூட்டும் செலவு பெரிது.

கன்வேட்டர்: பெரிய இலாபமும் பெரிய ஆபத்தும்

இரண்டாவது வழியில் உண்மையாகவே வலு கூட்டும் ஒரே சாமான் இதுதான் என்று சொல்லலாம். டர்போ எஞ்சினில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. டர்பைனுக்குப் பின்னால் தேன்கூடு போல ஒரு அடைப்பு இருந்தால் அந்த வித்தியாசம் குறையும். 30 வருடத்துக் கன்வேட்டரில் அந்தத் தேன்கூடு உருகியோ நொறுங்கியோ இருக்கவும் கூடும். அதைக் கழற்றி நேர்க் குழாய் போட்டால் டர்போ முன்கூட்டியே எழும்பும். கீழ்ச் சுற்றிலேயே இழுவை வரும். முதல் நாள் ஓட்டும்போது வண்டி புதிதாகப் பிறந்தது போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதைக்கு ஏறினேன். மழை ஓய்ந்து காற்று குளிர்ந்திருந்தது. மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தேன். அழுத்தக் காட்டியின் முள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. அடுத்த கணம் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்தது போல வண்டி குலுங்கி நின்றுவிடப் பார்த்தது. பின்னால் ஒரு வான் வந்துகொண்டிருந்தது. அது விலகிப் போனது என் சாமர்த்தியம் அல்ல.

நடந்தது இதுதான். அழுத்தம் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு. வேண்டாத புகையை டர்பைனுக்குள் விடாமல் அது பக்கவழியாக அனுப்பும். குழாய் திறந்ததும் டர்பைனின் ஊடாகப் புகை முன்னைவிட இலகுவாகப் பாய்கிறது. கதவு முழுதாகத் திறந்தும் போதவில்லை. அழுத்தம் தானாக ஏறுகிறது. உள்ளே வரும் காற்றின் அளவைப் பார்த்த ஈசியூ, எஞ்சினைக் காப்பாற்ற பெற்றோலை வெட்டிவிட்டது. வெட்டியது அதிர்ஷ்டம். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே அழுத்தம் ஏறி நின்றிருந்தால், பெற்றோல் தானாகவே வெடித்து எரியும் நொக்கிங் மெதுவாக பிஸ்டனைத் தின்றிருக்கும், எனக்குத் தெரியவந்திருக்காது.

பெற்றோல் விஷயம் இங்கேதான் வருகிறது. ஒக்டேன் குறைந்தால் நொக்கிங் இலகுவாக வரும். யப்பானில் இந்த வண்டிக்கு ஊற்றியது 100 ஒக்டேனை ஒட்டிய ஹைஒக் என்ற உயர்ரகப் பெற்றோல். இங்கே நிலையத்தில் நாம் வழக்கமாகப் பார்ப்பது 92-உம் 95-உம். எவோ 3-இல் எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் 9-க்கு உயர்த்தினார்கள். உயர்ந்த அமுக்கம், தாழ்ந்த ஒக்டேன், சூடான காற்று மூன்றும் ஒன்றாகச் சேரும் ஊரில் அழுத்தம் தானாக ஏற விடுவது எஞ்சினை அடகு வைப்பது போல.

சட்டமும் இருக்கிறது. 2008-இல் வந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் அங்கே அளக்கிறார்கள். இவை இரண்டையும் எரித்து மாற்றுவதற்காகத்தான் கன்வேட்டரே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பழைய கன்வேட்டரைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியை நான் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் புகையை எங்கள் ஒழுங்கையில் சுவாசிப்பது பெரியம்மாவும் ட்யூஷனுக்கு நடந்து போகும் பிள்ளைகளும்தான்.

அவனுக்கு நான் சொன்னது நடுவழி. பழையதைக் கழற்று, ஆனால் நேர்க் குழாய் போடாதே. கண் பெரிதான உலோகத் தேன்கூடு கன்வேட்டர் ஒன்றைப் பூட்டு. தடை பெருமளவு குறையும், புகை சுத்தமாகும், அழுத்தமும் கட்டுக்குள் நிற்க வாய்ப்பு அதிகம். பூட்டிய பிறகு காட்டியைப் பார்த்தபடி இன்னொருவரை ஓட்ட வைத்து மூன்றாம் கியரில் சோதி. முள் ஏறினால் வேஸ்ட்கேட் துவாரத்தை அகலப்படுத்தும் வேலை இருக்கிறது. இதற்குக் காசு போகும். நேர்க் குழாய் ஒரு நாள் கூலியில் முடியும். ஆனாலும் 4ஜி63 எஞ்சின் ஒன்றின் இன்றைய விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

போனட்டுக்குக் கீழே உள்ள சின்னச் சாமான்கள்

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும் வால்வான தேர்மோஸ்டாட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கொழும்பில் கராஜுக்குக் கராஜ் சொல்லப்படும் யோசனை இது. "சூடான ஊருக்கு இது என்னத்துக்கு?" என்று ஒரு பாஸ் என் வண்டியிலும் கழற்றினார். தவறான எண்ணத்தில் அல்ல. அவர் காலத்துக் காபுரேற்றர் வண்டிகளில் அப்படித்தான் செய்து பழகியிருக்கிறார். ஆனால் இந்த எஞ்சினின் ஈசியூ தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் பெற்றோலை அளக்கிறது. இரவில் அதிவேகப் பாதையில் தண்ணீர் குளிர்ந்தே ஓடினால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தன் சரியான சூட்டுக்கு வராமலே அழுத்தம் ஏற்றினால் டர்போவின் பெயரிங்குக்குக் கேடு. வண்டி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் நோய் ரேடியேற்றரிலோ தண்ணீர்ப் பம்பிலோ விசிறியிலோ இருக்கிறது. தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது காய்ச்சல் காட்டும் கோலை உடைப்பது போன்றது.

காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த பில்டர் வைப்பது அடுத்தது. சத்தம் நன்றாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. டர்போ காற்றை உறிஞ்சும் ஓசை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த பில்டர் உறிஞ்சுவது எஞ்சினின் புகை வெளியேறும் மனிபோல்டுக்குப் பக்கத்தில் கொதித்த காற்றை. பெட்டி என்பது பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் வாய்க்கால். திறந்த பில்டர்தான் வேண்டும் என்றால் சுற்றிவர ஒரு தகரத் தடுப்பு அடித்து, பழைய வாய்க்காலை அதற்குள் விடுங்கள்.

டர்போவின் மீதிக் காற்றைத் திரும்பவும் உள்ளே அனுப்பும் வால்வைக் கழற்றி, வெளியே "ப்ஷ்" என்று ஊதும் வால்வு பூட்டுகிறார்கள். எவோ 3 உள்ளே வரும் காற்றை வாசலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்றை வெளியே ஊதினால் ஈசியூவின் கணக்கு பிழையாகி, கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பெற்றோல் கூடிக் கறுப்புப் புகை வரும். வலு ஒரு குதிரைகூடக் கூடாது. வேண்டாம்.

ரேடியேற்றர் விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, எஞ்சினுக்குக் கீழே உள்ள தட்டு, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டின் மேல் மூடி இந்த மூன்றும் எடையில் எதுவுமே இல்லை. கூடு போனால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள காற்றை மட்டும் இழுக்கும். தட்டு போனால் வெள்ளம் நிற்கும் வீதியில் தண்ணீரும் மணலும் பெல்ட்டுகளுக்கு நேரே போகும். அழகான கேம் கியர் தெரியட்டும் என்று மேல் மூடியைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வயிறு கலங்கும். ஒரு சின்னக் கல் போதும். பெல்ட் தாண்டினால் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

சைலன்ட் ஷாஃப்ட்

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு முறை எழும் அதிர்வு ஒன்று உண்டு. அதை அடக்க, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும் இரண்டு தண்டுகளை மிட்சுபிஷி 1975-இல் தன் அஸ்ட்ரோன் எஞ்சினில் கொண்டுவந்தது. பிற்காலத்தில் போர்ஷே தன் 944-க்காக இந்த உரிமத்தை மிட்சுபிஷியிடம் வாங்கியது. அவ்வளவு மதிப்பான வேலைப்பாடு. அதைக் கழற்றச் சொல்வது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆனாலும் கழற்றுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அது வலு அல்ல. இந்தத் தண்டுகளில் ஒன்றை ஓட்டுவது தனியான ஒரு சின்ன பெல்ட். அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பழையதாகி அறுந்தால் துண்டு போய் டைமிங் பெல்ட்டில் சிக்கும். எஞ்சின் முடிந்தது. தண்டுகளை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை, சுற்ற வேண்டிய பாரமும் குறையும், எஞ்சின் ஏறி இறங்குவது கொஞ்சம் சுறுசுறுப்பாகும். விலை என்னவென்றால் ஸ்டியரிங்கில் நிரந்தரமாக ஒரு நடுக்கம். அதிலும் சிக்னலில் நிற்கும்போது.

அரைகுறையாகச் செய்வதுதான் மிகக் கெட்டது. சின்ன பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டுத் தண்டுகளை உள்ளே விட்டால், ஒயில் பம்ப் கியரோடு சேர்ந்து ஓடும் தண்டு தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சோடி இல்லாத தண்டு அதிர்வை அடக்காது, கூட்டும். முழுதாகச் செய்வதானால் ஒயில் பம்ப் பக்கத்துக்குக் குட்டைத் தண்டு பூட்ட வேண்டும். பழைய பெயரிங்குகளைத் திருப்பி ஒயில் துவாரங்களை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் அழுத்தம் அந்தத் துவாரங்களின் வழியே கசிந்து போகும். எஞ்சினைத் திறக்காமல் செய்யும் வேலை அல்ல இது. எஞ்சின் ஏதாவது காரணத்துக்காக இறங்கினால் அப்போது செய்யலாம். இறங்காவிட்டால் இரண்டு பெல்ட்டையும் ஒன்றாகப் புதிதாக மாற்றிவிட்டுத் தண்டுகளை விட்டுவிடுவதே நல்லது. தம்பியின் வண்டியில் கடைசியாகப் பெல்ட் மாற்றிய பதிவு எதுவும் இல்லை. ஆகவே 14 சாமானில் எதையும் கழற்ற முன்னர் முதலில் காசு போக வேண்டிய இடம் அதுதான்.

முழுதாக உரிப்பது

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் யோசிக்க அதிகம் இல்லை. மஹகஸ்தோட்டை மலை ஏற்றப் பந்தயமோ கட்டுக்குருந்தை ஓடுபாதைப் பந்தயமோதான் உங்கள் இலக்கு என்றால், வண்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுபோக முடியும் என்றால், உரியுங்கள். ஆனால் உரித்த இடத்தில் இரும்புக் குழாய்க் கூடு, பந்தய சீற், பந்தய பெல்ட், தீயணைப்பான் எல்லாம் ஏற வேண்டும். கழற்றிய எடையில் ஒரு பங்கு அப்படித் திரும்பி வந்துவிடும், வரத்தான் வேண்டும்.

அதே வண்டியில் திங்கட்கிழமை வேலைக்கும் போவேன் என்றால் இது வழி அல்ல. பதிவுப் புத்தகத்தில் ஆசன எண்ணிக்கை எழுதியிருக்கிறது. காப்புறுதிக்காரரிடம் சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்டு நிற்பது கடினம். இரும்புக் கூடு போட்ட வண்டியில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால், சின்ன மோதலிலும் தலை அடிபடும் முதல் பொருள் அந்தக் கூடுதான்.

தம்பியும் நானும் எடுத்த முடிவு

அன்று இரவு 11 மணி வரை வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அம்ப் பெட்டியும் ஸ்பீக்கரும் டிக்கிக் குப்பையும் உடனே வெளியே. ஸ்பெயார் சில்லு கொழும்புக்குள் ஓடும்போது வீட்டில் இருக்கும், யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகும்போது திரும்ப ஏறும். அளவு வித்தியாசமான சில்லு நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் டிபரென்ஷலைக் கெடுக்கும் என்பதால் மற்ற நான்கோடு ஒத்த டயரைத்தான் அதிலும் போடச் சொன்னேன். பற்றரி டிக்கிக்குப் போகிறது. கன்வேட்டர், உலோகத் தேன்கூடாக மாறுகிறது, ஆனால் டைமிங் பெல்ட் வேலை முடிந்த பிறகு. பின் சீற், தார் ஷீற், ஏசி, தேர்மோஸ்டாட், காற்றுப் பெட்டி, மூடிகள், தட்டு எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

ஏசியில் மட்டும் அவன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணா, 20 கிலோ அண்ணா, அதுவும் முன்னுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போது பெரியம்மா கதவைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குத் தன்னை இந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். தம்பி தாளை வாங்கி, ஏசிக்குக் கீழே கீறியிருந்த இரண்டு கோட்டையும் பேனையால் அடித்துவிட்டு, பக்கத்தில் "டைமிங் பெல்ட், செவ்வாய்" என்று எழுதினான்.